நாற்பத்தேழு கிண்ணமும் மிச்சமும்

இரவுவேலை முடித்து ஏழரைக்கு வந்தவன்
படுக்கைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போனேன்.
பெற்றோர் உதவி தேவை என்ற கடதாசியில்
நானே கையெழுத்து வைத்திருந்தேனாம்.
மிதுனா காட்டினாள். என்னுடையதுதான்,
நித்திரைத் தூக்கத்தில் சரிந்து கிடந்தது.

ஏஜாக்ஸில் அன்று பூச்சியத்துக்கு ஒரு பாகை மேலே.
பேய்கள் எல்லாம் ஜாக்கெட் போட்டிருந்தன.
ஒரு தேனீக்குச் சிறகு உள்ளே நசுங்கி
முதுகு கூனியிருந்தது.
ஓட்டிஸ் குப்பை லொறி:
அட்டைப்பெட்டி, காகிதத் தட்டில் நாலு சில்லு,
பின்னுக்குத் திறக்கிற கதவும் உண்டு.
இருக்க வழியில்லை அவனுக்கு.
நாள் முழுக்க நின்றுகொண்டே படித்தான்.

முதலாம் வகுப்பு, ஏழாம் அறை.
எனக்குத் தந்த கதிரையில் இருந்தபோது
என் முழங்கால் என் நாடியைத் தொட்டது.
நடுமேசையில் பூசணிக்காய்.
உள்ளே எத்தனை விதை என்று கேட்டு
மஞ்சள் சீட்டு ஒவ்வொன்று கொடுத்தார் மிஸ் பெலாஞ்சே.
பன்னிரண்டு, என்றாள் ஸைனப், சந்தேகமே இல்லாமல்.
ஒருவன் பூச்சியங்களாகப் போட்டுக்கொண்டே போய்
சீட்டு முடிந்ததால் நிறுத்தினான்.
மிதுனா எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதினாள்.
பண்டகசாலையில் ஒன்பது வருடம் பெட்டி எண்ணியவன் நான்,
முந்நூறு என்று எழுதிக்
கீழே கோடும் இழுத்தேன்.

மூடி கழன்றதும் முதலில் எல்லோரும் பின்வாங்கினார்கள்.
பிறகு எல்லோருடைய கையும் உள்ளே.
ஈரமண்ணும் வெள்ளரியும் சேர்ந்த மணம்.
வெள்ளைப் பேயொன்று மூக்கைச் சொறிந்து
செம்மஞ்சள் பேயாயிற்று.

எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு வரை வந்தேன்.
அந்த நேரம் பார்த்து டைனோசருக்கு ஒன்றுக்கு முட்டியது,
ஓடியதில் வால் கதவுக்குள் அகப்பட்டது,
எடுத்துவிட்டு வந்து பார்த்தால்
என் நூற்றுப் பதினெட்டைக் காணோம்.

"அப்பா, நீங்கள் பிழையா எண்ணுறீங்கள்.
பத்துப் பத்தா வையுங்கோ.
குழம்பினாலும் ஒரு பத்துதான் குழம்பும்."
கப்கேக் கிண்ணங்களை என் பக்கம் தள்ளினாள்,
மேற்பார்வையாளரின் அதே பொறுமையோடு.

நாற்பத்தேழு கிண்ணம். மிச்சம் ஆறு.
அதோடு ஒரு சப்பை விதை,
உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல்.
இது கணக்கா, இல்லையா?
முளைக்காது, எறியலாம், என்றது தேனீ.
குப்பை லொறிதான் மறுத்தது:
"அதுவும் உள்ளுக்குத்தானே இருந்தது."
கை தூக்கச் சொன்னார் மிஸ்.
பதினான்குக்கு ஒன்பது. சப்பை வென்றது.
நானூற்று எழுபத்தேழு என்று பலகையில் ஏறியது.
கிட்ட வந்தது தேனீயின் ஐந்நூறு;
பரிசு, பூசணியின் காம்பு.
என் முந்நூறைக் கோட்டோடு சேர்த்து
மெல்ல மடித்து வைத்துக்கொண்டேன்.

மத்தியான ஊர்வலத்துக்கு நான் நிற்கவில்லை.
உடுப்பு மாற்றாமல் விழுந்து படுத்து
அதே சட்டையோடு வேலைக்குப் போனேன்.
ஒரு மணிக்கு, பதினொராம் வரிசையில்,
மடித்த கையை இறக்கியபோது
ஒட்டிக் காய்ந்திருந்தது ஒரு விதை.
முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.
எனக்கோ
ஒரு விதையை வைத்துக்கொண்டு
விடியும்வரை நெஞ்சு இடித்தது.

காலையில் மிதுனா குசினி மேசையில்,
பல் தீட்டாத வாயில் ஒரு மிட்டாய்,
மற்றவை முன்னால் பத்துப் பத்தாக.
விதையை வைத்தேன்.
பார்த்தாள். விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.
சப்பை இல்லை.
"அப்ப மிச்சம் எட்டு," என்றாள்.
"இன்னும் ரெண்டு வந்தா
இன்னொரு கிண்ணம்."

பிறகு கதிரையால் இறங்கி வந்து
என் மற்றக் கையின் மடிப்பை
விரிக்கத் தொடங்கினாள்.